சால்ஸ்பரி பேராலயத்தைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாரக்கடைசியில் தெற்கு இங்கிலாந்தின் சால்ஸ்பரிக்குப் போனால், பேராலயத்தின் மேற்கு முகப்புக்கு எதிரே புல்லில் மல்லாந்து படுத்துக் கேமராவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நாலு பேராவது கண்ணில் படுவார்கள். புதிதாகக் கேமரா வாங்கியவர்களை நான் கூட்டிக்கொண்டு போனாலும் அவர்கள் நேரே போய்ப் படுப்பது அங்கேதான். ஒரு காலத்தில் நானும் படுத்த இடம்தான் அது. பேட்டரி, மெமரி கார்டு, லென்ஸ் துடைப்பதைப் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

கேமராவை அண்ணாத்திப் பிடிப்பது

இந்தப் பேராலயத்துக்கு 1220ல் அடிக்கல் போட்டார்கள். 38 ஆண்டுகளில் முக்கியக் கட்டடம் முடிந்துவிட்டது. கூர்கோபுரம் அடுத்த நூற்றாண்டில் ஏறியது. உயரம் 123 மீட்டர். பிரிட்டனில் இதைவிட உயரமான தேவாலயக் கூர்கோபுரம் கிடையாது. அதன் நுனி வரைக்கும் ஃப்ரேமுக்குள் வரவேண்டும் என்றுதான் எல்லாரும் கேமராவை மேலே தூக்குகிறார்கள். தூக்கியதும் சுவர்கள் இரண்டு பக்கமும் உள்நோக்கிச் சரிகின்றன. கட்டடமே பின்னால் மல்லாக்க விழப்போவதுபோல ஒரு படம் கிடைக்கிறது.

சொன்னால் கேட்கமாட்டார்கள். கூட வந்த ஒரு தம்பி, "அண்ணே, வீட்டுக்குப் போய் சாஃப்ட்வேர்ல நேராக்கிக்கலாம்ணே" என்றான். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நேராக்கத்தான் செய்தான். சாஃப்ட்வேர் மேற்பகுதியை அகலமாக இழுத்தது, அடிப்பகுதியை நெருக்கியது, கீழே இரண்டு மூலையிலும் வெற்று முக்கோணங்கள் விழுந்தன. அவற்றை வெட்டப்போய் முகப்பின் ஓரத்துச் சிலைகள் போயின. நுனி ஏற்கெனவே லென்ஸின் விளிம்பில் மங்கலாக விழுந்திருந்தது, இழுத்ததில் குழைந்தேபோனது. அவ்வளவு தூரம் ரயிலில் போய் வந்ததற்கு மிஞ்சியது அதுதான்.

கணக்கு எளிது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (சென்சார் 36க்கு 24 மி.மீ.) 24 மி.மீ. லென்ஸை மாட்டி, படம் நெட்டுவாக்கில் வரும்படி, மட்டம் பிசகாமல் பிடித்தால், நீங்கள் நிற்கும் தூரத்தில் முக்கால் பங்கு உயரம் கேமராவுக்கு மேலே தெரியும். அப்படியானால் கோபுர நுனி தெரிய ஏறக்குறைய 160 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். 35 மி.மீ. என்றால் 235 மீட்டர், 50 மி.மீ. என்றால் 335 மீட்டருக்கும் மேல். கோபுரம் நிற்பது கட்டடத்தின் நடுவில் என்பதால் தூரத்தையும் அங்கிருந்துதான் எண்ணவேண்டும், முகப்பிலிருந்து அல்ல. முகப்பை ஒட்டி நின்றால் எந்த லென்ஸ் போட்டாலும் கோபுரம் கூரைக்குப் பின்னால் குள்ளமாகத்தான் தெரியும். பின்னால் நடங்கள். 80 ஏக்கர் வளாகம் அது!

அந்தப் புல்வெளி இவ்வளவு வெறுமையாகக் கிடப்பதற்கு ஜேம்ஸ் வயட் என்ற கட்டடக் கலைஞர்தான் காரணம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்லறைக் கற்களை அகற்றித் தரையைச் சமமாக்கினார், தனியே நின்ற மணிக்கூண்டையும் இடித்தார். அவர்மேல் இன்னும் கோபமாக இருப்பவர்கள் உண்டு. படமெடுக்கிறவனுக்கு மட்டும் அவர் புண்ணியவான்.

"கீழ்ப்பாதி முழுக்கப் புல்லா வருமே?" வரும். வெட்டிவிடுங்கள். வெட்டுவதும் நட்டம்தான், ஆனால் மிஞ்சுகிற படத்தில் ஒரு கல்லும் உருமாறியிருக்காது. கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தக்கூடிய ஷிஃப்ட் லென்ஸ் வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது: 24 மி.மீ.யில் 12 மி.மீ. மேலே நகர்த்தினால் 100 மீட்டருக்குள்ளேயே நுனி அடங்கிவிடும். அதற்கும் வழியில்லையா, வளாகத்தை விட்டு வெளியேறி ஹார்னம் பக்கத்து நீர்ப்புல்வெளிகளுக்குப் போய்விடுங்கள். ஆங்கிலேய ஓவியர் கான்ஸ்டபிள் வானவில்லோடு வரைந்து 1831ல் காட்சிக்கு வைத்த ஓவியத்திலும் கோபுரம் ஆற்றுக்கும் புல்வெளிக்கும் அப்பால்தான் நிற்கிறது. ஓவியருக்கே அந்தத் தூரம் தேவைப்பட்டிருக்கிறது.

முழுக்க அண்ணாத்தி, வேண்டுமென்றே எடுப்பது வேறு. உள்முற்றத்தின் மூலையில் நின்று வளைவுகளுக்கு மேலே கோபுரத்தை அப்படி எடுத்தால் அழகாகவே இருக்கும். அரைகுறைச் சாய்வுதான் ஆகாது.

நேராக்குவதில் இன்னொரு கூத்தும் உண்டு. கோபுரம் உண்மையிலேயே கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, நுனியில் சுமார் 70 செ.மீ. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் 1668லேயே வந்து ஆராய்ந்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே, நடுச்சந்தியில் கோபுரத்தைத் தாங்கும் பர்பெக் கல் தூண்களும் அந்தப் பாரத்தில் வளைந்திருப்பது கண்ணுக்கே தெரியும். லென்ஸ்தான் வளைத்துவிட்டது என்று நினைத்து அவற்றைத் திருத்தி வைக்கிறார்கள்! இரண்டுமே கட்டடத்தில் இருப்பவை, அப்படியே விடுங்கள்.

ஹை ஸ்ட்ரீட் வாசலில் நுழைந்ததும் படமெடுப்பது

ஊருக்குள்ளிருந்து வருகிறவர்கள் வடக்கே இருக்கும் இந்த வாசல் வழியாக வருகிறார்கள். முதலில் கண்ணில் படுவது வடக்குப் பக்கம். நண்பகலில் அங்கிருந்து எடுத்தால் சூரியன் எதிரே நிற்கும், கல் கறுத்துப்போகும், வானம் வெளுத்துவிடும். டிசம்பரில் உச்சிவெயிலே 15 பாகைக்குச் சற்று மேலேதான் ஏறும், வடக்குச் சுவரில் வெயில் படவே படாது. ஜூன் மாதத்து விடியலும் மாலையின் கடைசி வெளிச்சமும்தான் அந்தப் பக்கத்துக்கு வாய்த்தவை. மேற்கு முகப்புக்குப் பிற்பகல்.

ஃப்ளாஷ்

அணைத்துவிடுங்கள்.

நீர்த்தொட்டியும் போலரைசரும்

நடுக்கூடத்தில் இருக்கும் ஞானஸ்நானத் தொட்டி 2008ல் வில்லியம் பை செய்தது. நான்கு மூலைகளிலும் நீர் வழிந்துகொண்டே இருக்கும், மேற்பரப்பு மட்டும் அசையாது. மேற்கூரையும் ஜன்னல்களும் அதில் அப்படியே தெரியும். வெளியே வானத்துக்காக மாட்டிய போலரைசரை (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) கழற்றாமல் உள்ளே வருகிறவர்கள், பிரதிபலிப்பு ஏன் மங்குகிறது என்று மெனுவைக் குடைந்துகொண்டிருப்பார்கள். அதைக் கழற்றினாலும் தொட்டியின் விளிம்பில் ஃபோகஸ் வைத்தால் கூரை மங்கும். தண்ணீரில் தெரியும் கூரை, தண்ணீரிலிருந்து அசல் கூரை எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்தில் இருப்பதாகத்தான் லென்ஸ் எடுத்துக்கொள்ளும். லென்ஸின் துளையை எஃப் 11க்குச் சுருக்குங்கள், விளிம்பும் கூரையும் ஓரளவு சேர்ந்து தெளியும். யாராவது விரலை விட்டிருந்தால் அலை அடங்கும்வரை பொறுங்கள்.

ட்ரைபாட்

வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடிகாரத்துக்கு முகம் தேடுவது

1386ஐ ஒட்டியது என்று சொல்லப்படும் கடிகாரம் உள்ளே இருக்கிறது. பலர் அதைச் சுற்றி வந்து, "கடிகாரம் எங்கே?" என்று கேட்பார்கள். முகமும் கிடையாது, முள்ளும் கிடையாது. மணியடிப்பது மட்டும்தான் அதன் வேலை. வயட் இடித்த அந்த மணிக்கூண்டில்தான் முதலில் இருந்தது. முழுதாக எடுத்தால் இரும்புச் சட்டமாகத்தான் தெரியும், பல்சக்கரங்களுக்கு நெருங்கிப் போங்கள்.

வழிபாட்டு நேரம்

கேமரா பைக்குள்.

மதிலைப் பார்க்காமல் போவது

வளாகத்து மதிலை 14ஆம் நூற்றாண்டில் எழுப்பியபோது, ஊருக்கு வடக்கே உள்ள பழைய குடியிருப்பான ஓல்ட் சாரமில் இருந்த பழைய நார்மன் பேராலயத்தின் கற்களை எடுத்து வந்து பயன்படுத்தினார்கள். எக்ஸிட்டர் ஸ்ட்ரீட் பக்கம் வெளியே நடந்தால் செதுக்கு வேலையுள்ள கற்கள் தலைகீழாகவும் குறுக்காகவும் சுவரில் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அந்தச் சுவர் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேரே அடிக்கும்போது செதுக்கல் தட்டையாகிவிடும். முற்பகல் தாண்டி, வெயில் தெற்கிலிருந்து சுவரை உரசிக்கொண்டு போகும் நேரத்தில் போங்கள்.