திசைக்கொன்றாக நின்ற படங்கள்

வரவேற்பறைச் சுவரில் ஒன்பது படங்களை மாட்டினேன். தள்ளி நின்று பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. கண்ணளவை நம்பி இடம் குறித்தது முதல் தப்பு. சரி என்று எல்லாவற்றையும் கழற்றி, ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தேன்.

ஒவ்வொரு சட்டத்தின் அளவுக்கும் செய்தித்தாளை வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டினேன். இரண்டு நாள் போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பார்த்து நகர்த்தினேன். பெரிய படத்தின் மையம் தரையிலிருந்து 145 செ.மீ., இடைவெளி எங்கும் 5 செ.மீ.

அப்புறம் பின்பக்கக் கம்பி. அதை விரலால் மேல்நோக்கி இறுக்கி இழுத்து, அங்கிருந்து சட்டத்தின் மேல் விளிம்பு வரை அளந்தேன். முன்பு தளர்ந்த கம்பியை அளந்ததால் ஒவ்வொன்றும் ஒரு விரற்கடை இறங்கித் தொங்கியது. அந்த அளவைத் தாளில் குறித்து, தாளின் மேலேயே ஆணி அடித்துக் கிழித்தெடுத்தேன். ஒன்பதும் குறித்த இடத்திலேயே நின்றன.