பழைய செம்பு சதம் கையில இருக்கா? நிறத்தையும் அரிதையும் பார்த்து பெறுமதி புரிஞ்சிக்கிறது இப்படித்தான்

பொங்கலுக்கு குத்துவிளக்க புளி போட்டு தேய்க்கிற கையோட, அப்பாயி தகரப்பெட்டியில கிடந்த விக்டோரியா ராணி சதத்தையும் சேர்த்து தேய்ச்சு பளபளன்னு ஆக்கிட்டு, அப்புறமா "இது எவ்வளவுக்கு போகும்"னு கேக்குறவங்க நம்ம மலையகத்துல நிறைய பேர் இருக்காங்க. தயவுசெய்து தேய்க்காதீங்க. புளி, தேசிக்காய், பிராஸோ எதுவுமே வேணாம். அந்த ஒரு தேய்ப்புல போற சல்லி திரும்ப வராது.

நம்ம லயத்து வீடுகள்ல அதிகமா கிடைக்கிறது 1870க்கு பிறகு வந்த சிலோன் காசுதான். கால் சதம், அரை சதம், ஒரு சதம், பெரிய 5 சதம், எல்லாமே செம்பு, ஒரு பக்கம் ராணி தலை, மறுபக்கம் நடுவுல மரம், பக்கத்துல சிங்களத்துலயும் தமிழ்லயும் பெறுமதி. அந்த வட்டமான செம்பு 5 சதம் விக்டோரியா காலத்தோட சரி, 1909ல வந்தது சதுரமான நிக்கல் கலந்த காசு, அதனால ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

முதல்ல நிறம். புதுசா அடிச்ச செம்பு ஆரஞ்சு கலந்த சிவப்பா இருக்கும், காத்தும் ஈரமும் கை வேர்வையும் பட பட பழுப்பாகும், அப்புறம் கறுக்கும். சேகரிக்கிறவங்க இதை சிவப்பு, செம்பழுப்பு, பழுப்புன்னு மூணா பிரிக்கிறாங்க. காசோட தரத்த பார்த்து சொல்ற பெரிய கிரேடிங் கம்பெனி கணக்குல பழைய சிவப்பு 95 வீதமாவது மிஞ்சியிருந்தாத்தான் "சிவப்பு", 5 வீதத்துக்கும் குறைஞ்சா "பழுப்பு", இடையில உள்ளதெல்லாம் செம்பழுப்பு. நூறு வருஷத்துக்கு மேல செம்பு சிவப்பா நிக்கிறதே அபூர்வம், அதுவும் நுவரெலியா பக்கம் மாதிரி பனியும் ஈரமும் உள்ள ஊர்ல சும்மா போட்டு வச்ச காசுன்னா கேக்கவே வேணாம். அதனாலதான் ஒரே வருஷத்து ஒரே காசு, தேய்மானமும் ஒண்ணுதான், ஆனா சிவப்புக்கு ஒரு விலை பழுப்புக்கு ஒரு விலை.

சிவப்பு உண்மையானதா தேய்ச்சு வந்ததான்னு எப்படி பார்க்குறது? மஞ்ச பல்ப் வேணாம், ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல ஓரத்த மட்டும் பிடிச்சு மெதுவா சாய்ச்சு பாருங்க. ராணியோட கன்னம், முடி மாதிரி மேடான இடம்தான் முதல்ல பழுப்பாகும், எழுத்துக்கள் இடுக்குலயும் மரத்து ஓலை நடுவுலயும் கடைசி வரைக்கும் சிவப்பு ஒளிஞ்சிருக்கும். இப்படி இருந்தா நல்ல காசு. சாய்க்கும்போது வெளிச்சம் காசு மேல சக்கரம் மாதிரி சுத்தி வரணும். முடி எல்லாம் தேய்ஞ்சு மொழுக்குன்னு இருக்கு ஆனா காசு முழுக்க ஒரே ரோஸ் கலர்ல மின்னுதுன்னா கழுவினதுதான், சந்தேகமே வேணாம், லென்ஸ் வச்சு பார்த்தா மயிர் மாதிரி கீறல் தெரியும். ஒரே சீரான பழுப்புல கீறல் இல்லாத காசு இந்த பொய் சிவப்ப விட நூறு மடங்கு மேல், நானா இருந்தா கண்ண மூடிட்டு பழுப்பத்தான் வாங்குவேன்.

அடுத்தது அரிது. பழசுன்னா விலைன்னு நினைக்கிறது தப்பு. ராஜராஜ சோழன் பேர் போட்ட செம்புக்காசு ஆயிரம் வருஷம் பழசு, ஆனா இலங்கையிலயும் தமிழ்நாட்டுலயும் ஏராளமா கிடைச்சதால சாதாரணமானது அவ்வளவு விலை போறதில்ல. எத்தனை அடிச்சாங்க, அதுல எத்தனை மிஞ்சிச்சு, எத்தனை பேர் தேடுறாங்க, இந்த மூணும்தான் கணக்கு. யுத்த காலத்துல 1942ல இருந்து வந்த மெலிசான வெண்கல ஒரு சதம் எங்கயும் கிடைக்கும், பழுப்பா இருந்தா சும்மா சில்லறைதான், புழங்காம சிவப்பா இருந்தாத்தான் ஆள் திரும்பிப் பார்ப்பாங்க. ஆனா அரிதான வருஷம்னா தேய்ஞ்ச பழுப்புக்கும் ஆள் இருக்கு. கோப்பி காலத்துல கொழும்பு கோப்பி மில்லுகள்ல கூலிக்கு குடுத்த டோக்கன் கிடைச்சா நிறத்த பத்தி கவலையே படாதீங்க, அதுல மில் பேர் தெளிவா வாசிக்க முடியுதாங்கிறதுதான் முக்கியம். அரைஞாண் கயித்துல கோக்க ஓட்டை போட்ட காசுக்கு மட்டும் நிறம் எப்படி இருந்தாலும் விலை விழுந்திடும்.

செம்பு மேல பிடிக்கிற பச்சையில ரெண்டு வகை இருக்கு. கெட்டியா ஒட்டின பச்சை பெரும்பாலும் அப்படியே நிக்கும், ஆனா வெளிர் பச்சையா பவுடர் மாதிரி உதிர்ந்தா அது காச தின்னுட்டே இருக்கு, அத மத்த காசுங்ககிட்ட இருந்து உடனே பிரிச்சு வைங்க. மலிவான பிவிசி கவர்ல போட்டாலும் பசை மாதிரி பச்சை வரும், அதனால மைலார்ங்கிற பிவிசி இல்லாத கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஜன்னல் வச்ச அட்டையில போட்டு, டப்பாவுக்குள்ள ரெண்டு சிலிகா ஜெல் பாக்கெட்டும் போடுங்க, ஜெல் ஈரம் குடிச்சதும் மாத்துங்க.

விக்கிறதுன்னா ரெண்டு பக்கமும் பகல் வெளிச்சத்துல ஃபில்டர் போடாம படம் எடுங்க, கிராம் தராசுல எடை பாருங்க, செம்பு ஒரு சதம் சுமார் 4.7 கிராம், 5 சதம் சுமார் 18.9 கிராம் வரணும். ரொம்ப வித்தியாசம்னா போலியா இருக்கலாம். தோட்டத்துல மண்ணு வெட்டும்போது ராஜா காலத்து காசு கிடைச்சா அது வேற கதை, தொல்பொருள் சட்டப்படி அத அறிவிக்கணும், விக்கப் போகாதீங்க. வீட்டுப் பெட்டி காசுன்னா முதல்ல வர்ற ஆள்கிட்டயே குடுத்திடாம கண்டியிலயோ கொழும்பிலயோ ரெண்டு மூணு பேர்கிட்ட விலை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.