டகோட்டா வரும்போது ஷட்டரைக் குறையுங்கள்: அணிவகுத்துப் பறக்கும் விமானங்களைப் படம் எடுப்பது எப்படி?

2024 அக்டோபர் 6, மெரினா. விமானப்படையின் 92ஆம் ஆண்டையொட்டி நடந்த வான் சாகசக் காட்சி. ரஃபேலும் சுகோயும் கிழித்துப் போன அதே வானத்தில் டகோட்டா என்ற பழைய ப்ரொப்பெல்லர் விமானமும் வந்தது. ஜெட்டுகளுக்காக வைத்திருந்த 1/2000 நொடி ஷட்டர் வேகத்தை (சென்சாரில் வெளிச்சம் விழும் நேரத்தை) மாற்றாமலே அதையும் எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் அத்தனை துல்லியம். ஆனால் இரண்டு ப்ரொப்பெல்லர்களும் அப்படியே உறைந்து நின்றன. எஞ்சின் நின்றுபோன விமானத்தை நூல் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. கடற்கரையில் காதால் கேட்ட அந்த உறுமல் படத்தில் இல்லவே இல்லை.

அன்றைக்குக் கற்றது இதுதான்: அணியில் ஒரே ஒரு பழைய விமானம் இருந்தாலும், கேமராவை அதற்கு ஏற்றபடிதான் வைக்க வேண்டும். புதிய விமானங்கள் அதோடு ஒத்துப்போகும்.

படி 1: என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும். எந்த விமானம், எத்தனை, எந்த வடிவில் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2022 குடியரசு தின அணிவகுப்பில் 'டாங்கைல்' என்ற பெயரில் ஒரு டகோட்டாவும் டார்னியர் என்ற சிறு ப்ரொப்பெல்லர் விமானங்கள் இரண்டும் சேர்ந்து பறந்தன. 1971 டிசம்பர் 11 அன்று, இன்றைய வங்கதேசத்தில் உள்ள டாங்கைலில் நம் பாராசூட் வீரர்கள் குதித்ததன் நினைவாக வைத்த பெயர் அது. இன்று பறக்கும் டகோட்டாவின் எண் விபி 905. அது 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற டகோட்டாவின் எண். இன்று பறக்கும் விமானம் 2018இல் 'பரசுராமா' என்ற பெயரோடு படையில் சேர்ந்தது. இதெல்லாம் தெரிந்திருந்தால் எந்த நொடிக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். அந்த எண் தெளிவாகத் தெரியும் படம்தான் எனக்கு வேண்டும்.

படி 2: ஷட்டர் வேகம்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். டகோட்டாவின் ப்ரொப்பெல்லர் சீரான பயணத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1,150 முறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 19 முறை சுற்றும். இலைகள் மூன்று, இரண்டு இலைகளுக்கு நடுவே 120 டிகிரி. 1/2000 நொடியில் ஓர் இலை மூன்றரை டிகிரிகூட நகராது, அதனால்தான் என் படத்தில் உறைந்து போனது. 1/125இல் 55 டிகிரி நகரும். இலை அழகான விசிறியாக விரியும். 1/60இல் கிட்டத்தட்ட முழு வட்டமும் நிரம்பிவிடும். ஆனால் அந்த வேகத்தில் கை சற்று ஆடினாலும் விமானமே கலங்கிவிடும்.

ஆகவே புதியவர்கள் 1/250இல் தொடங்குங்கள். சுழற்சி கொஞ்சமாவது தெரியும், பாதிப் படங்களாவது தேறும். கை பழகியதும் 1/125க்கு இறங்குங்கள். ஜெட் மட்டும் வரும்போது தயங்காமல் 1/1000க்கு மேல் போய்விடலாம். அதில் சுழல்வது எதுவும் வெளியே தெரியாது. விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் விமானங்கள் எதிரெதிரே வந்து கடக்கும் காட்சிக்கு 1/2000 வேண்டும்.

படி 3: மிஞ்சும் வெளிச்சத்தைக் குறையுங்கள்

கேமராவை ஷட்டர் முன்னுரிமை முறையில் வையுங்கள்; ஷட்டர் வேகத்தை நீங்கள் வைத்தால் அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையின் அளவை, கேமரா பார்த்துக்கொள்ளும். பளிச்சென்ற வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/125 என்றால் அபெர்ச்சர் எஃப் 14 பக்கம் போய் நிற்கும். அங்கே சென்சாரில் உள்ள தூசியெல்லாம் வானத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும். முந்தைய நாளே சென்சாரைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது என்டி 4 ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். அது வெளிச்சத்தைக் கால் பங்காக்கும். அபெர்ச்சர் எஃப் 7க்கு இறங்கிவிடும்.

வெளிர் வானத்தைப் பார்த்து கேமரா ஏமாந்து விமானத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 அல்லது +1 கூட்டுங்கள். ஆழ்ந்த நீல வானம் என்றால் கூட்டத் தேவையில்லை.

படி 4: லென்ஸும் ஃபோகஸும்

100-400 மி.மீ. போன்ற ஜூம் போதும். அணி முழுவதும் சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் 600 வரை இழுக்க ஆசைப்படாதீர்கள். விமானங்கள் திடீரெனப் பிரியும்போது இறக்கைகள் வெட்டுப்படும். தொடர் ஃபோகஸ், நடுவில் ஒரு சிறு மண்டலம், பர்ஸ்ட் (அடுத்தடுத்துப் பல படங்கள்). ஒரு விமானத்தில் ஃபோகஸ் நின்றால் மற்றவை கலங்குமோ என்று பயப்பட வேண்டாம். 400 லென்ஸில் எஃப் 8 வைத்து 300 மீட்டர் தொலைவில் எடுத்தால் அணி முழுவதும் தெளிவாகவே இருக்கும். லென்ஸில் பேனிங்குக்கான (விமானத்தோடு சேர்த்து கேமராவைத் திருப்பி எடுப்பதற்கான) நடுக்கத் தடுப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 5: பேனிங்

விமானம் உங்களுக்கு நேரே வரும் இடத்தை முதலிலேயே குறித்துக்கொண்டு, கால்களை அந்தப் பக்கம் பார்த்து ஊன்றுங்கள். பிறகு இடுப்பை மட்டும் திருப்பி, விமானம் வரும் திசையில் லென்ஸை நீட்டுங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். தொலைவில் புள்ளியாகத் தெரியும்போதே பின்தொடரத் தொடங்குங்கள். அது நெருங்க நெருங்க முறுக்கிய இடுப்பு தானாக அவிழும். பர்ஸ்ட் முடிந்த பிறகும் கேமராவைச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

அணியில் ஒரு பெரிய வசதி உண்டு. எல்லா விமானங்களும் ஒரே வேகத்தில், ஒரே திசையில் போகின்றன. ஒன்றைச் சரியாகப் பின்தொடர்ந்தால் போதும், பக்கத்தில் வருபவையும் தெளிவாக விழும். டகோட்டாவின் மூக்கில் கண்ணை வையுங்கள், டார்னியர்களை மறந்துவிடுங்கள்.

பழகுவதற்குச் சாலையோரமே போதும். ஓடும் மாநகரப் பேருந்தை 1/60இல் எடுத்து, பக்கவாட்டு எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். தினம் ஐம்பது படம், இரண்டு வாரம். விமானப்படைத் தளங்களின் பக்கம் மட்டும் பழகப் போகாதீர்கள், அங்கே படம் எடுக்கத் தடை.

படி 6: நிற்கும் இடம்

மெரினாவில் கடலைப் பார்த்து நின்றால் முகம் கிழக்கே. நண்பகல் வரை சூரியன் முன்புறம் உச்சிக்கருகே இருப்பதால் விமானத்தின் அடிவயிறு நிழலில் இருக்கும்; எக்ஸ்போஷரைக் கூட்டச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது. பன்னிரண்டு மணி தாண்டினால் வெளிச்சம் மெல்ல முதுகுப்பக்கம் வந்துவிடும்.

தண்ணீரும் தொப்பியும் லென்ஸைவிட முக்கியம். அந்த 2024 காட்சிக்கு வந்தவர்களில் ஐந்து பேர் உயிரோடு வீடு திரும்பவில்லை. தலை சுற்றுவது போலத் தெரிந்தால் எந்த விமானம் வரவிருந்தாலும் நிழலுக்குப் போய்விடுங்கள்.

படி 7: எப்போது அழுத்துவது?

நேர் பக்கவாட்டில் கடக்கும்போது பேனிங் மிக எளிது. ஆனால் 'வி' வடிவ அணியில் அப்போது அப்பாலுள்ள விமானம் இப்பாலுள்ள விமானத்துக்குப் பின்னே மறைந்துகொள்ளும். அதற்குச் சற்று முன், மூன்று மூக்குகளும் தனித்தனியாகத் தெரிந்து, இறக்கைகளுக்கு இடையே வானம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும் தருணத்தில் அழுத்துங்கள். அந்த இடைவெளிதான் அணியின் அழகு. விமானங்கள் போகும் பக்கம் சட்டத்தில் வெற்றிடம் விடுங்கள்.

படி 8: வீட்டுக்கு வந்ததும்

ஒவ்வொரு படத்தையும் நூறு சதவீதம் பெரிதாக்கி முதலில் எண்ணைப் பாருங்கள். எழுத்துகளின் ஓரம் இரட்டையாகத் தெரிந்தால் தயங்காமல் அழியுங்கள். 1/125இல் நூறு எடுத்தால் பத்து தேறினாலே நல்ல நாள். அந்தப் பத்தில் ப்ரொப்பெல்லரைப் பாருங்கள்: நடுவே குமிழ் அசையாமல் பளிச்சென்று நிற்கும், அதைச் சுற்றிச் சாம்பல் நிற விசிறிகள் மூன்று, நுனியில் மஞ்சள் பூச்சு ஒரு வில்லாக வளைந்திருக்கும்.