பிடித்த பாடமா, மார்க் வந்த பாடமா? ப்ளஸ் ஒன் குரூப் எடுக்க ஒரு வாரச் செய்முறை

பத்தாவது ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் நடந்து பாருங்கள். வாசலுக்கு வாசல் ஒரே பேச்சு. "எவ்ளோ?" என்பார்கள். பதில் வருவதற்குள் "இன்னா குரூப்பு?" என்று அடுத்த கேள்வி. முதல் கேள்விக்குக் கையில் காகிதம் இருக்கிறது. இரண்டாவதற்குப் பக்கத்து வீட்டு அண்ணன் எடுத்தது, மாமா சொன்னது, இல்லாவிட்டால் '400-க்கு மேல வந்தா பஸ்ட் குரூப்' என்கிற எழுதாத சட்டம்.

அந்தச் சட்டத்தில் நானும் மாட்டியவள்தான். 2006-ல் பத்தாவது கணக்கில் 97. வேறு எதையும் யாரும் கேட்கவில்லை, கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் உள்ள பயோ-மேத்ஸில் உட்கார வைத்தார்கள். பத்தாவதில் நான் கணக்கே போடவில்லை, பயிற்சிக் கணக்குகளை விடையோடு மனப்பாடம் செய்திருந்தேன் என்பது ப்ளஸ் ஒன் காலாண்டுப் பரீட்சையில்தான் எனக்கே தெரிந்தது. அப்போது ப்ளஸ் டூவில் ஒரு பாடத்துக்கு 200, மொத்தம் 1200. கணக்கில் 121 வாங்கி வெளியே வந்தேன்.

இப்போது மொட்டை மாடியில் ட்யூஷன் எடுக்கிறேன். வருடா வருடம் ஏப்ரலில் பிள்ளைகள் இதையே கேட்பதால், அவர்களைச் செய்ய வைப்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். 'மார்க் வந்ததை எடு' என்பதையும் நம்ப மாட்டேன், 'பிடிச்சதைப் படி' என்பதையும் அப்படியே நம்ப மாட்டேன். இரண்டையும் உரசிப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வாரம், ஒரு 40 பக்க நோட்டு, கடன் வாங்கிய இரண்டு மூன்று ப்ளஸ் ஒன் புத்தகங்கள் போதும். பரீட்சை முடிந்து ரிசல்ட் வருவதற்கு முந்தைய நாட்களே இதற்குத் தோது.

1. மார்க்கை உடைத்துப் பாருங்கள்

அறிவியலில் 92 என்றால் எதில் 92? முதலில், அந்த 100-ல் 25 செய்முறைக்கு. அது பெரும்பாலும் முழுசாக வந்துவிடும். அப்படியானால் எழுதி வாங்கியது 75-க்கு 67. அடுத்து, இப்போதுள்ள பத்தாவது அறிவியல் புத்தகத்தில் 23 பாடங்கள். முதல் 6 இயற்பியல், அடுத்த 5 வேதியியல், 12-லிருந்து 22 வரை உயிரியல், கடைசி ஒன்று கணினி. உயிரியலில் நன்றாக எழுதிவிட்டு, இயற்பியல் கணக்குகளைத் தொடாமலே நல்ல மார்க் வாங்கிவிட முடியும். அந்த மார்க்கை நம்பி இயற்பியல் உள்ள குரூப்பில் சேர்ந்தால் ஜூலையிலேயே கண் கட்டும்.

அதனால் பழைய அரையாண்டு, திருப்புதல் தேர்வுத் தாள்களைத் தேடி எடுங்கள். நோட்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்று கோடு போட்டு, எந்தக் கேள்வியில் மார்க் போனது என்று குறியுங்கள். கணக்குக்கும் இதேதான். புத்தகக் கணக்கில் வந்தது எவ்வளவு, புதிதாகக் கேட்டதில் வந்தது எவ்வளவு? நான் இதைச் செய்திருந்தால் என் 97-இன் சாயம் அப்போதே வெளுத்திருக்கும்.

2. 'பிடிக்கும்' என்பதையும் உடையுங்கள்

இங்கே ஒரே ஒரு கேள்வி. டீச்சர் மாறினாலும் பிடிக்குமா? பாதிப் பேர் இதிலேயே தடுமாறுவார்கள். பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்த மிஸ்ஸாக இருக்கும், பக்கத்து பெஞ்ச் சிநேகிதியாக இருக்கும்.

வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பையன், "கம்ப்யூட்டர்னா உசுரு மிஸ்" என்றான். ப்ளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்தைக் கொடுத்தேன். இரண்டாவது பாடமே எண் முறைகள். 0, 1 என்று பைனரியில் மாற்றும் கணக்குகள். பத்து நிமிடத்தில் கொட்டாவி. "இதுல கேம் எங்க மிஸ்?" என்றான். ஆனால் அதே பையன் செத்துப்போன போனைப் பிரித்து, சார்ஜிங் பின்னை மாற்றி, மறுபடி பூட்டும்போது சாப்பாடு கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டான். அவனுக்குப் பிடித்தது கருவி. புரோகிராம் எழுதுவது வேறு சங்கதி. அவன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்தான். பத்தாவது முடித்து 3 வருட டிப்ளமோ, அப்புறம் வேண்டுமானால் நேராக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம். குரூப் என்ற பேச்சே தேவைப்படாத வழி அது.

3. ஒரு வாரம் ப்ளஸ் ஒன் புத்தகத்தோடு உட்காருங்கள்

இதுதான் முக்கியமான வேலை. மற்றதை அவசரமாகச் செய்தாலும் இதை அவசரப்படுத்தாதீர்கள்.

புத்தகம் வாங்க வேண்டாம். ப்ளஸ் டூ போன அக்கா, அண்ணனிடம் கேளுங்கள். இல்லையென்றால் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லாப் புத்தகமும் இலவசமாக இருக்கிறது. உங்களுக்கு மார்க் வந்த பாடம் ஒன்று, பிடித்த பாடம் ஒன்று, இதுவரை பார்த்தே இராத பாடம் ஒன்று என மூன்று எடுங்கள். மூன்றாவது எதற்கு என்றால், கணக்குப்பதிவியல் (காமர்ஸ் குரூப்பில் வரும் அக்கவுண்டன்சி) என்று ஒரு பாடம் இருப்பதே பத்தாவது வரை யாருக்கும் தெரியாது. தெரியாததை எப்படிப் பிடிக்கும் என்று சொல்ல முடியும்?

முதல் பாடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முதல் பாடம் எப்போதும் சாது. இயற்பியலில் வெக்டர் வரும் இரண்டாம் பாடம், கணிதத்தில் திரிகோணமிதி, கணக்குப்பதிவியலில் பற்று-வரவு எழுதும் இடம், இப்படி அந்தப் பாடத்தின் உண்மையான முகம் தெரியும் பக்கத்துக்குப் போங்கள். ஒரு பாடத்துக்கு இரண்டு நாள், நாளைக்கு ஒரு மணி நேரம். எடுத்துக்காட்டுக் கணக்கைப் படித்துவிட்டு, மூடி வைத்து நீங்களே எழுதிப் பாருங்கள். ஏழாம் நாள் புத்தகத்தைத் திறக்காமல், எது நினைவிருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

ஒவ்வொரு நாளும் நோட்டில் மூன்று விஷயம். எத்தனை நிமிடத்தில் போனைத் தேடினேன்? தப்பாக வந்தபோது மறுபடி போட்டேனா, பக்கத்தைத் திருப்பினேனா? யாரும் சொல்லாமல் கூடுதலாக ஒன்றாவது செய்தேனா?

நடுக்கேள்விதான் தங்கம். சரியாக வரும்போது எல்லாப் பாடமும் பிடிக்கும். தப்பாக வரும்போதும் விட மனசில்லாத பாடம் ஒன்றுதான் இருக்கும்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். அவளுக்கு அறிவியல் 92, கணக்கு 84, சமூக அறிவியல் 78. வீட்டில் பயோ-மேத்ஸ் என்று முடிவே செய்துவிட்டார்கள். மூன்றாவது புத்தகமாகக் கணக்குப்பதிவியலைத் திணித்தேன். முதல் நாள் முகத்தைச் சுளித்தாள். இரண்டாம் நாள் அம்மாவின் டைரியைக் கொண்டுவரச் சொன்னேன். ஓட்டல்காரர் வஞ்சிரத்துக்கு வைத்த பாக்கி, ஐஸுக்குக் கொடுத்தது, ஆட்டோ கூலி. எல்லாம் ஈரம்பட்டு மை கலைந்த எழுத்தில். அந்த ஒரு வாரக் கணக்கைப் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதி, இரண்டும் சமமாக வருகிறதா என்று பார்க்கும் இருப்பாய்வு போட்டோம். 90 ரூபாய் இடித்தது. நான் டீ போட்டு வருகிறேன் என்று கீழே போனேன். திரும்பி வந்தால் டைரியைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"மிஸ், 450-அ ஒரு பக்கம் 540-னு எழுதிட்டேன்."

வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கும் என்பது கணக்கர்களின் பழைய சூட்சுமம். அதை நான் அவளுக்குச் சொல்லித் தரவே இல்லை. ஆறிய டீயைக் குடித்துக்கொண்டே, "இந்த ரெண்டு பக்கமும் சமமா வரணும்னு யார் மிஸ் கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள். இயற்பியல் புத்தகத்தை வைத்திருந்த இரண்டு நாளும் அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை.

4. எந்தக் குரூப் எந்தக் கதவைச் சாத்தும்?

இதைப் பார்க்காமல் மனசை மட்டும் கேட்பது ஆபத்து. பி.இ.க்கு அரசு நடத்தும் கவுன்சிலிங்கில் கட்-ஆஃப் 200-க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் எடுத்தால் இந்தக் கதவு சாத்தின மாதிரி. நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். 720 மார்க்கில் பாதி உயிரியலுக்கு. பி.எஸ்சி. நர்சிங், விவசாயம், பொன்னேரியில் இருக்கும் மீன்வளப் படிப்பு எல்லாவற்றுக்கும் பொதுவாக உயிரியல் தேவை.

எந்தக் குரூப்பாக இருந்தாலும் திறந்தே இருக்கும் கதவுகளும் உண்டு: 5 வருட சட்டப் படிப்பு, சி.ஏ. பவுண்டேஷன் (ஆடிட்டர் படிப்பின் முதல் தேர்வு), பி.ஏ. பாடங்கள், பட்டம் முடித்து எழுதும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள். கடலும் என்ஜினும் பிடித்த பிள்ளைகளுக்கு ராயபுரத்திலேயே சிஃப்நெட் என்கிற மத்திய அரசு மீன்வளப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே பத்தாவது முடித்தவர்களுக்கு மீன்பிடிக் கப்பல் ஓட்டும், என்ஜின் பார்க்கும் தொழிற்படிப்புகள் உண்டு. துறைமுகத்தைத் தினமும் பார்க்கும் நம் ஏரியாவிலேயே இது பலருக்குத் தெரியாது.

'எதற்கும் இருக்கட்டும்' என்று பயோ-மேத்ஸ் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லாக் கதவும் திறந்திருக்கும், உண்மைதான். ஆனால் நான்கு கனமான பாடங்களையும் இரண்டு வருடம் தூக்கிச் சுமக்க வேண்டும். ஆசை இல்லாமல் சுமந்தால் எந்தக் கதவுக்கும் போதுமான மார்க் வராது. நானே சாட்சி.

5. இரண்டும் முட்டிக்கொண்டால்

பிடிக்கிறது, மார்க் குறைவு என்றால், ஒன்றாம் படியில் உடைத்த கணக்கைப் பாருங்கள். எழுத்துப் பிழை, நேரம் போதாமை, ஒரே ஒரு பகுதி புரியாமை இவை சரிசெய்யக் கூடியவை. தைரியமாக எடுங்கள். எட்டாம் வகுப்புப் பின்னமே ஆட்டம் காண்கிறது என்றால், ஏப்ரல், மே இரண்டு மாதமும் அதற்குக் கொடுக்கத் தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது ஆசை மட்டும்தான்.

மார்க் இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால், நீங்கள் போக நினைக்கும் படிப்புக்கு அந்தப் பாடம் தேவையா? தேவை என்றால் இரண்டு வருடம் பல்லைக் கடிக்கலாம், அது ஒன்றும் பாவமில்லை. தேவையே இல்லை என்றால் எதற்கு?

மார்க் பயத்தைக் குறைக்க இன்னொரு தகவல். ப்ளஸ் டூவில் ஆய்வகம் உள்ள பாடத்தில் 100-க்கு 70 எழுத்து, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. மற்றவற்றில் 90-ம் 10-ம். 2017-18-ல் வந்த ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் கிடையாது. மூச்சு விட ஒரு வருடம் கிடைக்கும். ஆனால் அதைத் தூங்கிக் கழித்தால் ப்ளஸ் டூ கழுத்தைப் பிடிக்கும்.

6. வீட்டில் பேசுவது

"எனக்குப் பிடிக்கல" என்று ஆரம்பித்தால் அங்கேயே பேச்சு முடிந்தது. நோட்டைக் காட்டுங்கள். அந்தப் பெண் அப்பாவிடம் பேசியபோது நானும் இருந்தேன். ஹார்பரில் லோடு வேலை பார்ப்பவர், ஷிப்ட் முடிந்து வந்து படியில் உட்கார்ந்திருந்தார்.

"92 வாங்கின புள்ள காமர்ஸ் எடுத்தா நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"நைனா, அம்மா டைரில போன வாரம் எவ்ளோ லாபம்னு உனக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கே தெரியாது. இவள் சொன்னாள், ஐஸ் செலவையும் கழித்து. அவர் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துவிட்டு, "சி.ஏ.ன்றாங்களே, அது இதுலதான் வருமா?" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் மறுபடி பேசி, வணிகக் கணிதம் உள்ள காமர்ஸ் குரூப் என்று முடிந்தது. இப்போது பி.காம். படிக்கிறாள்.

7. சேருவதற்கு முன்

நீங்கள் படிக்கும் பள்ளியில் அந்தக் குரூப் இருக்கிறதா, தமிழ் வழியா ஆங்கில வழியா என்று டி.சி. வாங்கும் முன்பே விசாரியுங்கள். மாநகராட்சி, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அந்தக் குரூப் இல்லையென்றால் பக்கத்து அரசுப் பள்ளியைத் தேடுங்கள், அவசரப்பட்டுத் தனியார் பள்ளிக்குப் போகாதீர்கள். மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத இடஒதுக்கீடு ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கானது. கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று பார்க்கும்.

சேர்ந்த பிறகு தப்பான குரூப் என்று தோன்றினால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு ஹெச்.எம்.மைப் பாருங்கள், கையில் ஒரு கடிதத்தோடு. அந்த 40 பக்க நோட்டையும் எடுத்துப் போங்கள். காலாண்டு தாண்டிவிட்டால் பாடம் ரொம்ப தூரம் போயிருக்கும், அவர்களும் தயங்குவார்கள்.