பிரான்சுக்குப் புதிதாக வரும் புதுச்சேரி, கடலூர்க் குடும்பங்களுக்கு: நிதி ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும் முன்

புதுச்சேரியிலிருந்தோ கடலூரிலிருந்தோ பிரான்சுக்கு வந்து சேரும் குடும்பம், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பு அட்டை ஆகியவற்றை ஒருவழியாக முடித்து மூச்சு விடும் நேரத்தில், பணத்தை எங்கே போடலாம் என்று சொல்லித்தர யாராவது ஒருவர் வீடு தேடி வருவார். பெரும்பாலும் அவர் தமிழராக இருப்பார். வில்லியனூரிலோ நெல்லிக்குப்பத்திலோ உள்ள உங்கள் உறவினரை அறிந்தவராகவும் இருப்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும், எவ்வளவு லாபம் வரும் என்று அவரிடம் கேட்பதற்கு முன், அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று கேட்டுவிடுங்கள். மற்ற எல்லாக் கேள்விகளும் அதற்குப் பிறகு வரட்டும்.

சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாகத் தோன்றலாம். தாத்தாவுக்கு மாதந்தோறும் வந்த பிரெஞ்சு பென்ஷனே அந்த வீடுகளில் நிதித் திட்டமாக இருந்தது. ஆலோசகர் என்று ஒருவர் தேவைப்படவில்லை. இன்று வேலைக்காகவோ படிப்புக்காகவோ வருபவர்களுடைய நிலை வேறு. அவர்களுடைய பணம் இரண்டு நாடுகளில், இரண்டு சட்டங்களின் கீழ் இருக்கிறது.

முதலில் பதிவைப் பார்க்க வேண்டும். சொத்து மேலாண்மை ஆலோசகர் என்று விசிட்டிங் கார்டில் அச்சிட்டுக்கொள்வது பிரான்சில் ஒருவருக்கு எந்த அதிகாரத்தையும் தந்துவிடுவதில்லை. முதலீட்டு ஆலோசகர், காப்பீட்டு இடையீட்டாளர், வங்கிக் கடன் இடையீட்டாளர் என்று சட்டம் வகைப்படுத்தியிருக்கிறது. இவர்கள் அனைவரும் ஓரியாஸ் என்னும் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். அதன் இணையதளத்தில் பெயரையோ எட்டு இலக்கப் பதிவு எண்ணையோ இட்டு யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். பெயர் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்திவிடாமல், எந்த வகையின் கீழ் இருக்கிறது என்பதையும் படியுங்கள். காப்பீட்டு இடையீட்டாளராக மட்டும் பதிவு செய்தவர் காப்பீட்டு ஒப்பந்தங்களை விற்கலாம். பங்குகளையும் நிதித் திட்டங்களையும் பற்றி முதலீட்டு ஆலோசனை கூறுவதற்கு அவருக்கு வேறு பதிவு வேண்டும். முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்தவர், நிதிச் சந்தை ஆணையமான ஏ.எம்.எஃப். அங்கீகரித்த தொழில்முறைச் சங்கம் ஒன்றில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எளிதான சோதனை ஒன்று உண்டு. பிரான்சில் முதலீட்டு ஆலோசகர் தம்முடைய கட்டணத்தைத் தவிர வாடிக்கையாளரின் பணத்தைக் கையில் வாங்கவே கூடாது. பணம் வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ நேராகச் செல்ல வேண்டும். “என் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள், நான் போட்டுவிடுகிறேன்” என்று ஒருவர் கூறினால், அவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இனி, சம்பளம் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதிகளின்படி, சுயேச்சையாக முதலீட்டு ஆலோசனை தருவதாகக் கூறிக்கொள்பவர், தாம் பரிந்துரைக்கும் திட்டத்தின் நிறுவனத்திடமிருந்து கமிஷன் பெற்று வைத்துக்கொள்ள முடியாது. நீங்கள் தரும் கட்டணமே அவருடைய வருமானம். சுயேச்சையற்றவர் கமிஷன் வாங்கலாம், ஆனால் அதை உங்களிடம் தெரிவித்தாக வேண்டும். முதல் சந்திப்பிலேயே அவர் தர வேண்டிய அறிமுக ஆவணத்தில் இந்த விவரம் எழுத்தில் இருக்கும். கமிஷன் வாங்குவது குற்றமன்று, மறைப்பதுதான் குற்றம். கட்டணம் கேட்பவரைப் பார்த்து நம்மவர்கள் முகம் சுளிப்பதையும், “உங்களிடம் ஒரு பைசா வேண்டாம்” என்பவரை உத்தமர் என்று நம்புவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த இரண்டாமவருக்கும் யாரோ கொடுக்கிறார்கள், அதுவும் உங்கள் பணத்திலிருந்துதான்.

கணக்காகவே பார்க்கலாம். பிரான்சில் பரவலாக விற்கப்படும் அஸ்யூரான்ஸ் வீ எனப்படும் சேமிப்புக் காப்பீட்டில் 20,000 யூரோ போடுகிறீர்கள். நுழைவுக் கட்டணம் 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே 800 யூரோ கழிந்து, 19,200 யூரோதான் முதலீடாகிறது. ஆண்டுக்கு நிகரமாக 2 விழுக்காடு வளர்ந்தால், இரண்டு ஆண்டுகள் முடிந்தும் தொகை 20,000 யூரோவை எட்டியிருக்காது. நுழைவுக் கட்டணமே இல்லாத ஒப்பந்தங்களும் கிடைக்கின்றன. கட்டணம் உள்ளவற்றிலும் பேசிக் குறைக்க இடமுண்டு. கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால், இவ்வகை ஒப்பந்தத்தை 30 நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது.

வந்த முதல் ஆண்டில் பெரும்பாலோருக்கு ஆலோசகரே தேவையில்லை என்பது என் கருத்து. லிவ்ரே ஆ என்னும் சேமிப்புக் கணக்கை எந்த வங்கியிலும் திறக்கலாம். 22,950 யூரோ வரை போடலாம், வட்டிக்கு வரி இல்லை, வேண்டும்போது எடுக்கலாம். வருமானம் குறைவாக உள்ளவர்களுக்கு, அதைவிடக் கூடுதல் வட்டி தரும் எல்.இ.பி. கணக்கு 10,000 யூரோ வரை உண்டு. அவசரத் தேவைக்கான பணத்தை இவற்றில் சேர்த்து முடிக்கும் வரை, நீண்டகாலத் திட்டங்களைப் பற்றி யார் பேசினாலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கையெழுத்தை மட்டும் தள்ளிப்போடுங்கள்.

ஆலோசகர் உண்மையிலேயே தேவைப்படுவது இரு நாட்டுக் கணக்குகளும் மோதும் இடத்தில்தான். பிரான்சில் வரி வசிப்பாளராக ஆனவர், எந்த நாட்டுக் குடியுரிமை வைத்திருந்தாலும், இந்தியாவில் தம் பெயரில் உள்ள வங்கிக் கணக்குகளை ஆண்டுதோறும் வருமான வரி அறிக்கையுடன் 3916 எண் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் பொதுவாக ஒரு கணக்குக்கு 1,500 யூரோ அபராதம். மஞ்சக்குப்பம் கிளையில் அப்பா திறந்து வைத்து மறந்துபோன சேமிப்புக் கணக்கும் இதில் அடங்கும். சேமிப்பு அம்சம் கொண்ட எல்.ஐ.சி. பாலிசிகளையும் அதே படிவத்தில் குறிப்பிட வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெளிநாட்டில் ஈட்டிய பணத்தை இந்தியாவில் போட்டு வைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பது உண்மை. பிரான்சில் அதை வருமானமாகக் காட்ட வேண்டும் என்பதும் உண்மை. இந்திய விதிகளின்படி, வெளிநாட்டில் குடியேறியவரின் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவரின் இந்திய வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும்.

ஆகவே ஆலோசகரைச் சோதிக்க ஒரு நல்ல வழி, “என் எல்.ஐ.சி. பாலிசியைப் பிரெஞ்சு அறிக்கையில் எங்கே காட்டுவது?” என்று கேட்பதாகும். தெரிந்தவர் படிவ எண்ணைச் சொல்வார். தெரியாதவர், விசாரித்துச் சொல்கிறேன் என்றால் அவரையும் மதிக்கலாம். “அதெல்லாம் இவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது, விடுங்கள்” என்பவரிடம் உங்கள் சேமிப்பை ஒப்படைக்காதீர்கள்.

இந்தியப் பகுதிக்கு அங்கேயே ஒருவர் வேண்டியிருக்கலாம். இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2013-இல் கொண்டுவந்த விதிகளின்படி பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரின் எண் ஐ.என்.ஏ. என்ற எழுத்துகளில் தொடங்கும். அவர் வாடிக்கையாளரிடம் கட்டணம் பெறுகிறார். ஏ.ஆர்.என். எண் வைத்திருப்பவர் மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர். கமிஷன் பெற்று ரெகுலர் திட்டங்களை விற்கிறார். அதே ஃபண்டின் டைரக்ட் திட்டத்தில் அந்தக் கமிஷன் இல்லாததால் செலவு குறைவு. நேரு வீதியில் பலகை வைத்திருக்கும் அலுவலகத்தில் இந்த இருவரில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதை, ஊருக்குப் போகும்போது எண்ணைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுவாழ் இந்தியரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரும் இந்தியாவில் வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். விவசாய நிலத்தையும் தோட்ட நிலத்தையும் விலைக்கு வாங்க முடியாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு மலிவாக வருகிறது, அம்மா பெயரில் பத்திரம் போட்டுக்கொள்ளலாம் என்று தூண்டுபவர் ஆலோசகர் அல்லர், தரகர்.

சீட்டு நம் சமூகத்தில் பல கல்யாணங்களை நடத்தி வைத்திருக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இந்தியாவில் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டு நிறுவனத்துக்கு உள்ள கண்காணிப்பு, பாரிஸ் புறநகரில் ஒரு வீட்டில் நடக்கும் சீட்டுக்கு இல்லை. அதை முதலீடு என்று பரிந்துரைக்கும் ஆலோசகரைத் தவிர்த்துவிடுங்கள்.

பேச்சு தமிழில் இருக்கட்டும். ஆனால் சொன்னவை அனைத்தும், கட்டணம் உட்பட, பிரெஞ்சில் எழுத்தாக உங்கள் கையில் இருக்க வேண்டும். பின்னர் குறை ஏற்பட்டால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். இரண்டு மாதங்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, முதலீடு பற்றியதாயின் ஏ.எம்.எஃப். அமைப்பின் மத்தியஸ்தரிடமும், காப்பீடு பற்றியதாயின் காப்பீட்டு மத்தியஸ்தரிடமும் கட்டணமின்றி முறையிடலாம். இந்திய ஆலோசகரைப் பற்றிய புகாரை, செபியின் ஸ்கோர்ஸ் என்னும் இணையதளத்தில் பிரான்சில் இருந்தபடியே பதிவு செய்ய முடியும்.