மார்க் லிஸ்ட்டை வைத்துப் பாடம் நடத்தும் புது ஆசிரியர்களுக்கு

திருப்புதல் தேர்வு முடிந்ததும், புதிதாக வந்த கணித ஆசிரியர்கள் இருவர் எக்செல் ஷீட்டில் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். 35-க்குக் கீழே சிவப்பு, 60-க்கு மேலே பச்சை. சிவப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸாம். என்ன நடத்தப் போகிறீர்கள் என்றேன். “முதல் பாடத்திலிருந்து எல்லாமே சார்.” நாங்களும் இப்படித்தான் ஆரம்பித்தோம். கூட்டலில் பிழை, பெயர் மாற்றிப் பதிவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை தானாகவே மாட்டிக்கொள்ளும்.

மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மார்க் 14, இரண்டு மார்க்கில் 20, ஐந்து மார்க்கில் 50, கடைசியில் ஜியோமெட்ரியும் கிராஃபும் எட்டு எட்டாக 16. வரைந்து பழகியவன் அந்த 16-ஐ அப்படியே எடுத்துவிடுவான். புத்தகத்தில் உள்ள ஒரு மார்க்கை உருப்போட்டு 12, இரண்டு மார்க்கில் நாலு சரி. ஆக 36, பாஸ். பக்கத்து பெஞ்சுப் பெண்ணும் 36. அவளுக்கு இயற்கணிதம் தண்ணீர்பட்ட பாடு. காம்பஸைத் தொட்டால் கை நடுங்கும். ஷீட்டில் இருவரும் நிறமடிக்காத ஒரே கூட்டம். இருவரையும் சேர்த்து உட்காரவைத்துக் காரணிப்படுத்தல் நடத்தினால் அவள் கொட்டாவி விடுவாள், அவன் தலையாட்டுவான்.

இதில் நஷ்டம் பிறகுதான் தெரியும். இப்படி வரைபடத்தையும் மனப்பாடத்தையும் நம்பி நல்ல மார்க்கில் தேறிய ஒரு பையன் பதினொன்றாம் வகுப்பில் கணித குரூப் எடுத்தான். முதல் மாதமே இருபடிச் சமன்பாட்டில் நின்றுவிட்டான். அவனுடைய பத்தாம் வகுப்புப் பேப்பர்களைத் திருத்திய யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மொத்தத்தைக் கூட்டி வட்டம் போட்டதோடு சரி.

பேப்பர் திருத்தும்போதே ஒரு ரஃப் நோட்டைப் பக்கத்தில் வையுங்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே கேள்வி எண்கள். சரி என்றால் டிக். தவறு என்றால் ஓர் எழுத்து: குறி மாறியதற்கு ‘கு’, வழிமுறையே தெரியாததற்கு ‘வ’, தொடாமல் விட்டதற்கு ‘வி’. காரணிப்படுத்தலில், பெருக்கினால் −14, கூட்டினால் −5 வரவேண்டிய இடத்தில் −7, +2 போடாமல் +7, −2 போட்டவனுக்கு அந்தப் பாடம் முழுவதும் மறுபடி வேண்டாம். போட்டதைக் கூட்டிச் சரிபார்க்கும் பழக்கம் வந்தால் போதும். ‘வி’ வாங்கியவனுக்குத்தான் முதலிலிருந்து வேண்டும்.

ஒரு மார்க்கில் எந்தத் தவறான விடை என்பதையும் பாருங்கள். ஒரு கணத்தில் 3 உறுப்புகள், இன்னொன்றில் 2. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு எத்தனை உறவுகள்? 3×2 = 6 ஜோடிகள், விடை 2⁶ = 64. வகுப்பில் பாதிப் பேர் 6 என்று எழுதியிருந்தால் கார்ட்டீசியன் பெருக்கல் வரை வந்து அங்கேயே நின்றிருக்கிறார்கள். மிச்சத்தைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். நாலு விடைகளிலும் சிதறிக் கிடந்தால் அத்தனையும் குருட்டாம்போக்கு.

சதவீதத்தில் பேசுவது

20 பேர் வகுப்பில் ஒரு பிள்ளை 5 சதவீதம். பெயரைச் சொல்லுங்கள்.

ஆப்சென்ட்டுக்கு 0 போட்டுச் சராசரி எடுப்பது

கூடாது.

காலாண்டையும் அரையாண்டையும் கோடு போட்டு இணைப்பது

பாடப்பகுதி வேறு, கேள்வித்தாள் வேறு. கோடு ஏறியதால் பிள்ளை முன்னேறிவிட்டான் என்று எச்.எம்.மிடம் போய்ச் சொல்லாதீர்கள். ஒரே திறனைச் சோதிக்கும் கேள்விகளை மட்டும் எடுத்து ஒப்பிடலாம்.

ஜூனில் போட்ட குழுவை ஏப்ரல் வரை வைத்திருப்பது

தொடக்க வகுப்புகளுக்காக 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததே பிள்ளை அடுத்த நிலைக்கு நகர்வதற்காகத்தான். மேல்வகுப்புகளில் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு தடவை பட்டியல் போட்டால் அது ஆண்டு முழுக்க ஒட்டிக்கொள்கிறது. ஸ்லிப் டெஸ்ட்டுக்கு ஸ்லிப் டெஸ்ட் குழுவைக் கலைத்துப் போடுங்கள். காரணிப்படுத்தலில் திணறும் கூட்டம் வேறு, தொடுகோடு வரையத் திணறும் கூட்டம் வேறு. அந்த 36 வாங்கிய பெண்ணை முதல் கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பலாம்.