அம்மாவின் அப்பாவைத் தேடிய கதை: டி.என்.ஏ. சோதனையால் உறவுகளைக் கண்டுபிடிப்பது எப்படி

என் அம்மாவுக்குத் தன் அப்பா யார் என்று தெரியாது. பாட்டி கடைசிவரை வாய் திறக்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. 71 வயதில்தான் அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரிந்தது. டி.என்.ஏ. சோதனை எங்களுக்குத் தந்தது, எங்களோடு டி.என்.ஏ. பகிர்கிற, முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல். அதிலிருந்து ஒரே ஒரு மனிதரை எப்படிப் பிரித்தெடுத்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். இதே தேடலில் இருக்கும் யாருக்காவது உதவும்.

முதலில், யாரைச் சோதிப்பது? வீட்டில் இருப்பவர்களில் மூத்த தலைமுறையை. நான் அவசரப்பட்டு என்னைத்தான் முதலில் சோதித்துக்கொண்டேன். பெற்றோர் ஒவ்வொருவரின் டி.என்.ஏ.வில் பாதிதான் பிள்ளைக்கு வரும்; தாத்தா பாட்டி ஒவ்வொருவரிடமிருந்தும் வருவது ஏறக்குறைய கால் பங்கு. அம்மாவின் பட்டியலில் 238 என்ற எண்ணோடு (எவ்வளவு டி.என்.ஏ. பொது என்பதன் அளவு அது, பின்னால் விளக்குகிறேன்) இருந்த ஒருவர் என் பட்டியலில் 96 ஆகத் தேய்ந்திருந்தார். தூரத்து உறவுகள் பலர் எனக்கு வரவே இல்லை. பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் மாதிரியை எடுத்துவிடுங்கள். இதில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

எந்தச் சோதனை? மூன்று வகை உண்டு. ஒய் சோதனை அப்பாவிலிருந்து மகனுக்கு, அவரிலிருந்து அவர் மகனுக்கு என்று ஆண்வழிக் கோட்டை மட்டும் பார்க்கும். மைட்டோகாண்ட்ரியா சோதனை தாய்வழிக் கோட்டை மட்டும். அம்மாவின் அப்பாவைத் தேட இரண்டுமே உதவாது. அம்மாவிடம் ஒய் குரோமோசோம் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவோ பாட்டியிடமிருந்து வந்தது. எல்லாப் பக்க உறவையும் காட்டும் ஆட்டோசோமல் சோதனைதான் வேண்டும். ஆன்சஸ்ட்ரி என்ற சோதனை நிறுவனத்தின் தரவுத்தளத்தில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். இருப்பதிலேயே பெரியது அதுதான். வேறு இடத்தில் எடுத்த சோதனையை அங்கே பதிவேற்ற முடியாது. அதனால் அங்கே சோதித்து, ரா டேட்டா கோப்பை (சோதனையின் மூல விவரங்கள் அடங்கியது) இறக்கி, ஃபேமிலி ட்ரீ டி.என்.ஏ., ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் ஏற்றினோம். நீங்கள் தேடும் ஆள் எந்தத் தளத்தில் இருப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதே.

ஏற்றுவதற்கு முன் ஒரு விஷயத்தை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். 2023-இல் 23அண்ட்மீ என்ற இன்னொரு சோதனை நிறுவனத்தின் தளத்தில் நடந்த ஊடுருவலில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. 2025-இல் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஜெட்மேட்சில் இருந்த தகவலை வைத்து 2018-இல் கலிஃபோர்னியாவில் ஒரு தொடர்கொலைகாரரைப் போலீஸ் பிடித்தது. போலீஸ் தேடலுக்கு உங்கள் கோப்பைத் திறந்துவிடலாமா வேண்டாமா என்று இப்போது அங்கே நீங்களே தேர்வு செய்யலாம். உங்கள் டி.என்.ஏ.வில் உங்கள் சகோதரர்களின் டி.என்.ஏ.வும் கலந்திருக்கிறது என்பதால் இது உங்கள் ஒருவர் முடிவு மட்டும் இல்லை. நாங்கள் முழுப்பெயர் போடாமல் முதலெழுத்துகள் மட்டும் போட்டோம், இதற்கென்றே தனி மின்னஞ்சல் வைத்துக்கொண்டோம், இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்கினோம்.

மாதிரி எடுக்கும்போது அரை மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. குழாயில் எச்சில் கோடு வரை வர வேண்டும். நுரை கணக்கில் சேராது. அம்மாவுக்கு வாய் வறட்சி உண்டு, முதல் மாதிரி தேறவில்லை. இரண்டாம் முறை கன்னங்களை வெளியிலிருந்து மெதுவாகத் தேய்த்துவிட்டுக்கொண்டே, பத்து நிமிடம் பொறுமையாக எடுத்தோம். பெரியவர்களுக்கு, உள்கன்னத்தில் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்கும் கிட் இன்னும் சுலபம்.

முடிவு வந்ததும் எல்லோரும் முதலில் திறப்பது, எந்த நாட்டு ரத்தம் எத்தனை சதவீதம் என்ற வண்ண வரைபடத்தைத்தான். அது வெறும் மதிப்பீடு. ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் மாதிரிகளை நிறுவனம் மாற்றினால் சதவீதமும் மாறும். உறவு தேடுபவர்கள் நேராக மேட்ச் பட்டியலுக்குப் போய்விடலாம்.

அங்கே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு எண் இருக்கும்: இருவரும் எத்தனை சென்டிமார்கன் (டி.என்.ஏ. துண்டுகளை அளக்கும் அலகு) டி.என்.ஏ.வைப் பகிர்கிறீர்கள் என்பது. பெற்றோர் பிள்ளை என்றால் 3,400-க்கு மேல். உடன்பிறந்தவர்கள் சுமார் 2,600. பெற்றோரில் ஒருவர் மட்டும் பொது என்றால் சுமார் 1,750. ஒன்றுவிட்ட உறவு (ஃபர்ஸ்ட் கசின்) சுமார் 870, இரண்டுவிட்ட உறவு சுமார் 230. இவை சராசரிதான், ஒவ்வொன்றுக்கும் பெரிய வீச்சு உண்டு. டி.என்.ஏ. பெயின்டர் என்ற தளத்தில் எண்ணைப் போட்டால், எந்தெந்த உறவாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும். ஒன்று கவனியுங்கள்: ‘ஃபர்ஸ்ட் கசின்’ என்று தளம் ஒரே சொல்லில் முடித்துவிடும். அது சித்தப்பா மகனா, அத்தை மகளா, மாமா மகனா, பெரியம்மா மகளா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று, பல தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே திருமணம் நடந்த குடும்பங்களில் எண் கூடுதலாகத் தெரியும். அங்கே மொத்தத்தை மட்டும் பார்க்காமல், இருவருக்கும் பொதுவான மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்றும் பாருங்கள். அது நீளமாக இருந்தால் உறவு கிட்டத்தில் இருக்கிறது.

அடுத்தது பிரிப்பது. அம்மாவின் சித்தி மகளையும் சோதிக்கச் சொன்னோம், 891 வந்தது. அவருக்கும் அம்மாவுக்கும் பொதுவாக வந்த பெயர்கள் எல்லாம் பாட்டி பக்கம். அவற்றை ஒதுக்கி வைத்தேன். மிச்சத்தில் 400-க்கும் 90-க்கும் இடைப்பட்ட பெயர்களை ஒரு தாளில் எழுதி, முதல் பெயருக்கு நீல வண்ணம் கொடுத்தேன். அவரோடு பொதுவாக வருகிற எல்லோருக்கும் அதே நீலம். வண்ணம் விழாத அடுத்த பெயருக்குப் பச்சை, அவரோடு பொதுவானவர்களுக்கும் பச்சை. 2018-இல் டேனா லீட்ஸ் என்பவர் வெளியிட்ட முறை இது. தாளில் கடைசியில் இரண்டே வண்ணங்கள் நின்றன: தாத்தாவின் அப்பா குடும்பம் ஒன்று, அவர் அம்மா குடும்பம் இன்னொன்று. 400-க்கு மேல் என்பதால் தாளில் சேர்க்காத ஒருவர், மிச்சப் பட்டியலின் உச்சியில் 431 என்ற எண்ணோடு இருந்தவர், மட்டும் இரண்டு வண்ணத்தினரோடும் பொதுவாக வந்தார். அவரை இனி 431 என்றே சொல்கிறேன்.

அப்புறம் நான்கு மாதம் அவர்களுடைய வம்சாவளிகளை வரைந்தேன். நீலக் குடும்பத்து மகன் பச்சைக் குடும்பத்து மகளைக் கல்யாணம் செய்த ஒரு இடம் கிடைத்தது. அவர்களுக்கு நான்கு மகன்கள். 431 மூத்த மகனின் பேரன். அந்த மூத்தவரே அம்மாவின் அப்பா என்றால், அப்பா மட்டும் பொதுவான உடன்பிறப்பின் பிள்ளை ஆகிற பேரனுடைய எண் 1,750-இல் பாதியாக, 870-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும்; 431 அதற்கு மிகவும் குறைவு. ஆக, அவர் இல்லை. ஒருவர் சிறுவயதிலேயே இறந்துவிட்டார். மிச்சம் இரண்டு பேர். இருவருமே இப்போது உயிரோடு இல்லை. ஒருவருக்குப் பிள்ளைகள் கிடையாது, இன்னொருவருக்கு ஒரே மகள்.

கடிதம் எழுதுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 431-க்கு நான் எழுதிய முதல் கடிதம் இரண்டு பக்கம், பாட்டியின் கதை முழுவதும் அதில் இருந்தது. பதிலே வரவில்லை. மூன்று மாதம் கழித்து இப்படி எழுதினேன்: ‘வணக்கம். மேட்ச் பட்டியலில் நீங்களும் என் அம்மாவும் 431 சென்டிமார்கன் பகிர்கிறீர்கள். அம்மாவின் தந்தைவழிக் குடும்பத்தைத் தேடுகிறோம். உங்கள் தாத்தா பாட்டியின் பெயரும் பிறந்த ஆண்டும் தெரிந்தால் சொல்ல முடியுமா? சொல்ல விருப்பம் இல்லை என்றாலும் சரி, தொந்தரவு செய்ய மாட்டேன்.’ இரண்டாம் நாளே பதில் வந்தது. உங்கள் யூகத்தை முதல் கடிதத்தில் கொட்டாதீர்கள். எதிரில் இருப்பவருக்கு அது அவருடைய அப்பாவைப் பற்றிய செய்தியாக இருக்கலாம்.

அந்த ஒரே மகளிடம் மட்டும் எதையும் மறைக்கவில்லை. எண் 870 பக்கம் வந்தால் அவர் என் அம்மாவுக்குச் சித்தப்பா மகளோ பெரியப்பா மகளோ, 1,750 பக்கம் வந்தால் அவருடைய அப்பாதான் என் அம்மாவின் அப்பா என்று சோதனைக்கு முன்பே விளக்கி எழுதினேன். யோசிக்க நேரம் வேண்டும் என்றார். ஐந்து மாதம் நாங்கள் ஒரு நினைவூட்டல்கூட அனுப்பவில்லை. பிறகு அவரே கிட் வாங்கி அனுப்பினார்.

1,782 வந்தது. அன்று சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு வரிச் செய்தி: ‘அக்காவிடம் பேசலாமா?’ நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அறையைவிட்டு வெளியே வந்தேன்.